தென்கரைத் தலையாட்டி

எங்கள் ஊர்க் குன்றில் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். சுதந்திரம் இந்த இடத்தில்தான் முளைவிட்டது என்று போன மாதம் ஒரு வக்கீல் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அது நடந்த வருஷம் அவன் பிறந்தே இருக்கமாட்டான். நேரில் பார்த்தவள் நான், முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் புதிதில்லை.

என் பெயர் ஜெருஷா. என் வீட்டுக்காரர் ஆசகேல் டார்பெல் இறந்து இந்தக் குளிரோடு இரண்டு வருஷம். கப்பல் பட்டறையில் பலகை இடுக்குகளில் சணலை அடைத்துத் தார் பூசுகிறவர். ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டாம் வருஷம், பிரெஞ்சுக்காரனோடு சண்டை என்று, கடலுக்கு அப்பாலிருந்து எங்களை ஆளும் ராஜாவின் ஆட்கள் முரசு அடித்துக்கொண்டு வந்தபோது எங்கள் ஊரிலிருந்து பதினான்கு பேர் போனார்கள். அவரும் போனார். கையெழுத்துப் போட்ட தாளில் நவம்பர் முதல் தேதி வரை என்று இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எழுத்தென்றால் எழுத்துதான். வேதாகமமும் அப்படி, வாடகைச் சீட்டும் அப்படி. நவம்பர் முதல் தேதி காலையில், பிழைத்துக் கிடந்த ஒன்பது பேரும் மூட்டையைக் கட்டி, கொடுத்த துப்பாக்கியைத் துடைத்துத் திருப்பி வைத்துவிட்டு, படைத்தலைவனிடம் போய் மரியாதையாக, "தேதி முடிஞ்சிருச்சுங்க, நாங்க கிளம்பறோம்" என்றார்களாம். ராஜாவின் படையில் அதற்கு ஓடிப்போவது என்று பெயர். முதலில் வாய் திறந்தவனுக்கு முந்நூறு கசையடி. முதலில் வாய் திறந்தவர் என் வீட்டுக்காரர்.

பிப்ரவரியில் வீடு வந்து சேர்ந்தார். முதுகைப் பார்த்து நான் கத்தி அழுதேன். அவர் சட்டைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்து, "இங்க பாரு ஜெருஷா, தேதி போட்டிருக்கா இல்லையா?" என்று கேட்டார். அடி ஆறிவிட்டது. அந்தக் கேள்வி ஆறவில்லை.

ஏழு வருஷம் கழித்து, அதே சண்டைக்கு ஆன செலவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று கடலுக்கு அப்பாலிருந்து முத்திரை வரி வந்தது. உயில், பத்திரம், கப்பல் சீட்டு, செய்தித்தாள், வழக்கு, சாட்சி, விளையாடுகிற சீட்டுக்கட்டு உட்பட எல்லாம் இனி முத்திரைத்தாளில்தான். எங்கள் ஆட்கள் ஒருவரையும் கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்றால் நவம்பர் முதல் தேதியிலிருந்து. அதைக் கேட்டு ஆசகேல் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஊரில் அந்தத் தாளை விற்கும் உத்தியோகம் என் தம்பி ஓபேத்துக்குக் கிடைத்திருந்தது.

அம்மா போனபோது ஓபேத்துக்கு மூன்று வயது. நான்தான் தூக்கி வளர்த்தேன். ஆணி, நாடா, வெல்லப்பாகு விற்கிற கடை வைத்திருந்தான். சண்டைக்குப் போகவில்லை, சண்டைக்கு மாவு விற்றான். அதை ஓடைக்கு எங்கள் பக்கமான தென்கரையில் யாரும் மறக்கவில்லை. ஆனால் கெட்டவன் இல்லை. வசந்த காலத்தில் அந்த உத்தியோகத்துக்கு இன்னும் நான்கு பேர் மனுப் போட்டிருந்தார்கள், இலையுதிர் காலத்தில் அந்த நான்கு பேரும் கல்லோடு அவன் வாசலில் நின்றார்கள்.

"யாராவது ஒருத்தன் விக்கத்தான் போறான் அக்கா" என்றான் என்னிடம். "வெளியூர்க்காரன் வந்தா ஒரு பென்னிக்கு ரெண்டு பென்னி புடுங்குவான். நான்னா நியாயமா இருப்பேன்ல?"

"எல்லா ஊர்லயும் இந்த உத்தியோகத்தை விட்டுட்டானுக. நீயும் விட்டுட்டேன்னு சொல்லித் தொலையேன்டா."

"பிணைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். போட்டது போட்டதுதான்."

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒரே பாத்தியில் விளைந்த கிழங்குகள். அதைச் சொன்னால் இருவருக்குமே கோபம் வரும்.

நவம்பர் முதல் தேதி சாயங்காலம் கூட்டம் அவன் வீட்டை உடைத்தது. முன்னால் நின்றவர் ஆசகேல். தென்கரைக்கு அவர்தான் தலைவர். ஓபேத் பின்பக்கச் சன்னல் வழியாகக் குதித்து, சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நடந்து, என் கருவாட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். நான்கு நாள் அங்கே உப்புப் பீப்பாய்களுக்குப் பின்னால் கிடந்தான். நான்கு நாளும் முன்கட்டில் ஆசகேல் சோளக்களி தின்றுகொண்டு அவனைப் பற்றியே பேசினார்.

"அவனை அடிக்கணும்னு எனக்கு ஆசையில்ல ஜெருஷா. ஊர் கூடற எல்ம் மரத்தடியில நின்னு, விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை. நானே தோள்ல தூக்கிட்டு வருவேன், போதுமா?"

"அவன் சொல்லலைன்னா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "வடகரைக்காரனுக வேற குதிக்கிறானுக. என் ஆளுகளை நான் அடக்குவேன். அவனுகளை நான் அடக்க முடியாது. மாட்டினா உசுரோட விடமாட்டானுக."

சாலைக்கும் துறைக்கும் காவல் போட்டிருந்தார்கள். துறைமுக வாயில் ராஜாவின் சின்னப் போர்க்கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. அதுவரைக்கும் அவன் போய்விட்டால் பிழைத்தான். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வரியும் ராஜாவும் எக்கேடும் கெடட்டும், நான் வளர்த்த பிள்ளை அந்தக் கப்பலில் ஏற வேண்டும்.

ஐந்தாம் தேதி போப் நாள், போப்பாண்டவருக்குக் கொடும்பாவி செய்து கொளுத்தும் நாள். மற்ற ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸைக் கொண்டாடுகிறார்களாம், எங்களுக்கு அது பாவம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஆட்களுக்குச் சட்டை கிழியக் கிழியக் குதிக்க அனுமதி. வடகரையும் தென்கரையும் ஆளுக்கொரு வண்டி கட்டும். வண்டிமேல் இரண்டு ஆள் உயரத்துக்குக் கொடும்பாவி. அடியில் கித்தான் போர்த்திய பெட்டி. பெட்டிக்குள் ஒருவன் குந்திக்கொண்டு, கம்பால் கொடும்பாவியின் தலையை ஆட்டுவான். அவன்தான் தலையாட்டி. முகத்தில் கரி பூசியிருப்பான். கூட்டம் கொடும்பாவியைக் கேள்வி கேட்கும், தலை ஆமாம் என்றோ இல்லை என்றோ ஆடும், கூட்டம் புரண்டு சிரிக்கும்.

பிறகு இரண்டு வண்டியும் ஓடைப் பாலத்தில் சந்திக்கும். அங்கே சண்டை. சும்மா தள்ளுமுள்ளு இல்லை. தடியும் கல்லும். அதற்கு முந்தின வருஷம் ஒருவனுக்குக் கண் போனது, அதற்கும் முந்தின வருஷம் ஒரு தச்சன் செத்தே போனான். ஜெயித்த கரை தோற்ற கரையின் வண்டியையும் இழுத்துக்கொண்டு குன்றுக்குப் போய்க் கொளுத்தும். நான் அறிந்து முப்பது வருஷத்தில் ஒரு வருஷம்கூடப் பாலத்தில் அடிதடி இல்லாமல் போனதில்லை. அண்ணன் வடகரையிலும் தம்பி தென்கரையிலும் குடியிருந்தால், அண்ணன் பல்லைத் தம்பி உடைப்பான், மறுநாள் சேர்ந்து மீன்பிடிக்கப் போவார்கள்.

சண்டை தொடங்கியதும் தலையாட்டிதான் முதலில் பெட்டியிலிருந்து குதிப்பான். குத்து விட அவனுக்கும் ஆசை இருக்காதா? அவன் எங்கே போகிறான் என்று எவனும் பார்க்கமாட்டான். பாலத்துக்குக் கீழே ஓடை, ஓடையில் அந்நேரத்துக்குக் கடல்நீர் ஏறி நிறைந்திருக்கும். ஒரு சின்னப் படகு கட்டி வைத்தால் போதும். இருட்டுவதற்குள் கப்பலைத் தொட்டுவிடலாம்.

அந்த வருஷம் தென்கரை வண்டியில் போப்பை ஏற்றவில்லை. ஓபேத்தை ஏற்றினார்கள். அவன் வீட்டிலிருந்து தூக்கி வந்த அவனுடைய ஊதாக் கோட்டையே ஆசகேல் என்னிடம் கொடுத்து, பிரித்து இரட்டிப்பு அகலமாகத் தைத்துத் தரச் சொன்னார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தைத்துக் கொடுத்தேன். மாட்டேன் என்றிருந்தால் கொட்டகைப் பக்கம் கண் திரும்பியிருக்கும்.

தலையாட்டி வேலை பெலெக் என்கிற நெசவாளிக்கு. வருஷா வருஷம் அவன்தான். ஐந்தாம் தேதி மத்தியானம், வண்டி நின்ற பட்டறைக்கு வந்தவனை என் அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டேன். கையில் ரம் குவளையைக் கொடுத்தேன். மூன்றாவது குவளைக்கு ராஜாவைத் திட்டினான், ஐந்தாவதுக்குத் தன் பெண்டாட்டியைத் திட்டினான், ஏழாவதுக்கு மேசைக்கு அடியில் சாய்ந்தான். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

ஓபேத்தின் முகத்தில் கரி பூசியது நான்தான். சின்ன வயதில் காது அழுக்கைத் துடைத்துவிடும்போது நெளிவதுபோலவே நெளிந்தான்.

"நல்லாக் கேட்டுக்கோ. பாலத்துல சண்டை ஆரம்பிச்சதும் நான் பலகையில மூணு தட்டு தட்டுவேன். அதுவரைக்கும் என்ன சத்தம் கேட்டாலும் இறங்கக் கூடாது. தட்டினதும் பின்பக்கமா எறங்கி ஓடைக்குப் போயிரு, படகு கட்டி வச்சிருக்கேன்."

"அவனுக கேள்வி கேப்பானுகளே?"

"தலையை ஆட்டு. ஆமான்னா மேலயும் கீழயும். இல்லைன்னா பக்கவாட்டுல."

"என் கொடும்பாவிக்கு நானே தலையாட்டணுமா!" என்று சிரித்தான். நான்கு நாளில் முதல் சிரிப்பு. "கோட்டை எப்படித் தச்ச? எடது தோள் எனக்கு எறங்கித்தான் நிக்கும், அதைச் சரி பண்ணினியா?"

"வாயை மூடுடா" என்றேன். கண்ணீரை அடக்கத்தான் அப்படிச் சொன்னேன். அதுதான் நான் அவனிடம் முகம் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு என்று எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு வண்டி புறப்பட்டது. கொம்பு, சங்கு, தகரம், நாய்க் குரைப்பு. பெலெக்கின் சட்டையில் குனிந்து பெட்டிக்குள் நுழைந்தவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒருவன் அவன் புட்டத்தில் செல்லமாக உதைத்தான், அவ்வளவுதான்.

ஒவ்வொரு சாராயக் கடை வாசலிலும் வண்டி நின்றது.

"ஓபேத்து, மாவுல மண்ணைக் கலந்தது நீதானே?" தலை இல்லை என்றது. கூட்டம் ஊளையிட்டது. "உங்க அப்பன் பேரு ராஜாவா?" இல்லை. "எங்க அப்பன் உயில் எழுதறதுக்கு உனக்கு எதுக்குடா காசு?" தலை ஆடவில்லை. சாணியை வீசினார்கள். கித்தானுக்குள் ஒருவன் கம்பை விட்டுக் குத்தினான். "டேய் பெலெக்கு, தூங்கிட்டியா?" தலை மெதுவாக இல்லை என்றது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த வருஷம்போல பெலெக் எந்த வருஷமும் ஆட்டியதில்லை என்று என் பக்கத்தில் நின்ற மீன்காரி சொன்னாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் எப்படி?

பாலத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. எதிர்க்கரையில் வடகரை வண்டி வந்து நின்றது. அதன் முன்னால் அவர்கள் தலைவன், கசாப்புக்காரன் சகேயு. பாலத்தின் நடுவில் ஆசகேலும் அவனும் எதிரெதிரே நின்றார்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வண்டியின் பக்கவாட்டுக்கு வந்தேன். தட்டுவதற்கு விரலை மடக்கிவிட்டேன். முதல் அடி விழட்டும் என்று காத்திருந்தேன்.

முதல் அடி விழவில்லை.

சகேயு தடியை ஓடையில் எறிந்தான். "ஆசகேல், உன்னோட பல்லு ரெண்டு எங்கிட்ட இருக்கு. என்னோட வெரலு ஒண்ணு உங்கிட்ட இருக்கு. கணக்கு சரியாப் போச்சுன்னு வச்சுக்குவோம். இனிமே அடிக்கணும்னா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனை அடிப்போம். என்ன சொல்ற?"

ஆசகேலும் தடியை எறிந்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

முப்பது வருஷமாகத் தலை உடைத்துக்கொண்ட இரண்டு கரையும் ஒரே குரலில் கத்தியது. ஆண்கள் அழுதார்கள். அந்தத் தச்சனின் விதவை, அவனைக் கொன்ற கரைக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வக்கீல்கள் இப்போது சொல்வது பொய்யில்லை, அந்தப் பாலத்தில் ஏதோ ஒன்று முளைத்தது உண்மைதான். நான் மட்டும் மடக்கிய விரலோடு வண்டியோரம் நின்றேன். இந்த ஊரில் பிறந்த எவளும் செய்யக்கூடிய தப்பைத்தான் நான் செய்தேன். சூரியன் உதிப்பதை நம்புவதுபோல எங்கள் ஆட்களின் சண்டையை நம்பியிருந்தேன்.

இப்போது தட்டினால் இரண்டு கரையின் நடுவில் வந்து விழுவான். நான் தட்டவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றாகி, முன்னும் பின்னும் வண்டியை மொய்த்துக்கொண்டது. நாற்பது பேர் கயிற்றைப் பிடித்தார்கள். ஒரு முழங்கை என் நெஞ்சில் பட்டது, நான் பின்னால் தள்ளப்பட்டேன்.

குன்றில் ஆண்கள் வட்டம் போட்டு நிற்பார்கள். பெண்களுக்கு வட்டத்துக்கு வெளியேதான் இடம். அது வழக்கம். வட்டத்துக்குள் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். தார் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்து அடியில் அடுக்கினார்கள். தீ வைக்கும் முன் முரசு மூன்று முறை அடிக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஜெபம் சொல்லும் நேரம் இடைவெளி. மூன்றாவதுக்குள் தலையாட்டி வெளியே வந்துவிட வேண்டும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும்.

ஓபேத்துக்குத் தெரியாது. என் தம்பி ஒருநாளும் வண்டிக்குப் பின்னால் போனவன் இல்லை, போப் நாளென்றால் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பான். நானும் சொல்லவில்லை. பாலத்தில் இறங்கிவிடப் போகிறவனுக்குக் குன்றில் என்ன நடக்கும் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? நான் அவனுக்குச் சொன்னதெல்லாம் ஒன்றுதான். நான் தட்டும்வரை இறங்காதே.

ஆசகேல் தீப்பந்தத்தோடு வண்டிமுன் வந்து நின்றார். கூட்டம் அடங்கியது. அவர் கொடும்பாவியைப் பார்த்துக் கேட்டார். குரலில் கேலி இல்லை.

"ஓபேத், என் மச்சினனே, கடைசியாக் கேக்கறேன். இந்த உத்தியோகத்தை விடறியா?"

தலை அசையாமல் இருந்தது. பிறகு மேலும் கீழும் ஆடியது. ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாம் முறை நன்றாகக் குனிந்தது.

குன்றே அதிர்ந்தது. தொப்பிகள் பறந்தன. அவர்களுக்கு அது விளையாட்டு. உள்ளேயிருந்து என் தம்பி பதில் சொன்னான் என்று அந்த ஆயிரம் பேரில் எனக்கு மட்டும் தெரியும். கையெழுத்துப் போட்டதை விடமாட்டேன் என்றவன் விட்டுவிட்டான், அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது, யாருக்கும் கிடைத்தது தெரியாது.

முதல் முரசு அடித்தது.

நான் வட்டத்தை முட்டினேன். "எங்கம்மா போற?" என்று ஒரு வடகரைக்காரன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். தென்கரைக்காரனாக இருந்தால் ஆசகேல் பெண்டாட்டி என்று விட்டிருப்பான். இவனுக்கு நான் யாரென்று தெரியாது.

இரண்டாவது முரசு. வடகரை வண்டியிலிருந்து அவர்களுடைய தலையாட்டி கரிமுகத்தோடு குதித்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "பெலெக்கு! பெலெக்கு!" என்று எங்கள் ஆட்களும் கத்தினார்கள். இருட்டத் தொடங்கிய வேளை, கரி பூசினால் எல்லா முகமும் ஒன்றுதான். எப்போதும் ஜெயித்த கரையின் தலையாட்டி மட்டும்தான் மறுபடி பெட்டியில் ஏறிக் குன்றுக்கு வந்து சேருவான், ஒருவன் இறங்கினால் கணக்கு முடிந்தது. ஆசகேலும் அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்ததை நான் கண்டேன்.

இங்கேதான் நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அவரிடமிருந்து நான் இருபது அடி தூரத்தில் இருந்தேன். எனக்குக் குரல் உண்டு, மீன் சந்தையில் நான் கூப்பிட்டால் துறைவரைக்கும் கேட்கும். ஓபேத் உள்ளே இருக்கிறான் என்று ஒரு கத்து. கத்தினால் கூட்டம் அவனை இழுத்துப் போட்டுக் கிழிக்கும், அவனோடு என்னையும். கத்தாவிட்டால் ஒருவேளை அவனே இறங்கலாம், தார் வாடைக்குப் பயந்து இறங்கலாம், அவனையும் ஒரு தலையாட்டி என்று தோளில் தூக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். என் தம்பிக்காகத்தான் எண்ணுகிறேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம், எண்ணியது எனக்காகவா என்று.

மூன்றாவது முரசு அடித்தது. ஆசகேல் பந்தத்தை வைத்தார்.

வைக்கோலும் தாரும் எரிய எவ்வளவு நேரம் ஆகும்? அப்போதுதான் கத்தினேன். என் கத்தலைக் கொம்பும் சங்கும் தின்றன. ஊதாக் கோட்டு எரிந்தது. தலை ஆடியது. பக்கவாட்டில், இல்லை இல்லை என்று ஆடியது, பைத்தியம்போல ஆடியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு யாரோ தோளில் ஆடிக்கொண்டிருந்த தலையாட்டியைப் பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள். சிரிப்பு ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக நின்றது.

ஆசகேல் பலகையை வெறுங்கையால் பிய்த்தார். உள்ளே போய் அவனை இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தார். தன் உடம்பாலேயே தீயை அமுக்கினார். கரியைத் துடைத்துப் பார்த்தபோதுதான் யாரென்று தெரிந்தது. சகேயு தொப்பியைக் கழற்றினான். யாரும் ஒரு கல்லையும் எடுக்கவில்லை. நான் பயந்ததுபோல யாரும் அவனைக் கிழிக்கவில்லை. ஒருவன் தன் போர்வையைக் கொடுத்தான், ஆறுபேர் கதவு ஒன்றைக் கழற்றிவந்து அதில் அவனை ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார்கள். மூன்று வடகரை, மூன்று தென்கரை.

மறுநாள் மத்தியானம்வரை உயிர் இருந்தது. பன்றிக் கொழுப்பைத் தடவுவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. ஆசகேல் கட்டுப் போட்ட இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். விடியும்போது ஓபேத் கண்ணைத் திறந்து என்னைத் தேடினான்.

"நீ தட்டவே இல்லையே அக்கா" என்றான்.

ஆசகேல் என்னைப் பார்த்தார். நான் கொழுப்புக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

பெலெக் தெளிந்து எழுந்து, ஓபேத் தன்னை அடித்துப் போட்டுச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டதாக ஊரெல்லாம் சொன்னான். வெட்கத்துக்குப் பயந்து சொன்ன பொய் எனக்கு உதவியது.

புதைத்த மறுநாள் ஆசகேல் கோட்டைப் போட்டுக்கொண்டார். கை வராததால் நான்தான் பொத்தான் மாட்டிவிட்டேன். "நீதிபதி வீட்டுக்குப் போறேன்" என்றார். நானும் கூடப் போனேன்.

நீதிபதி ஹாஸ்கெல் கிழவர், நல்லவர். எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு ஆளு செத்திருக்கான்" என்றார் ஆசகேல். "தீ வச்சது நான். எழுதிக்கோங்க. விசாரணை வைங்க. என்ன தண்டனையோ கொடுங்க."

"எதுல எழுத?" என்றார் நீதிபதி. "முத்திரைத்தாள் இல்லாம மரண விசாரணை எழுதினா அது செல்லாது. முத்திரைத்தாள்ல எழுதினா நாளைக்கு என் வீட்டையும் கொளுத்துவானுக. இந்த மாகாணத்துல ஒரு கோர்ட்டும் தொறக்கலை ஆசகேல். யாரையும் விசாரிக்க முடியாது. வீட்டுக்குப் போ."

"ஐயா, கொன்னது நான்னு நானே சொல்றேன்."

"கேக்குது. எழுத வழியில்லை."

ஆசகேல் அசையவில்லை. கட்டுப்போட்ட கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டே நின்றார். ஒரு தாளுக்காகக் கசையடி பட்ட மனிதர், தன்னைப் பற்றி ஒரு வரி எழுத ஒரு தாள் கேட்டு நின்றார். நீதிபதிக்குப் பொறுக்கவில்லை. வெற்றுத்தாள் ஒன்றை இழுத்து, "சரி, என் ஞாபகத்துக்குக் குறிச்சு வச்சுக்கறேன்" என்று பேனாவை மையில் தொட்டு எடுத்தார்.

"அவன் உள்ள இருக்கறது யாருக்காவது தெரியுமா?"

ஆசகேல் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் தெரியாது" என்றார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பேனாவை உதறிக் கீழே வைத்தார். "அப்போ இதுல குறிக்க ஒண்ணுமில்லை. கை தவறிப் போச்சு. போங்க."

மே மாதம் அந்த வரியை ரத்து செய்துவிட்டதாகக் கப்பலில் செய்தி வந்தது. இரண்டு கரையிலும் மணி அடித்தார்கள், சன்னலுக்குச் சன்னல் மெழுகுவத்தி வைத்தார்கள், ஆசகேலைத் தோளில் தூக்க வந்தவர்களை அவர் கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார். மறுவாரம் கோர்ட்டுகள் திறந்தன. எழுத எத்தனை தாள் வேண்டுமானாலும் கிடைத்தது.

நீதிபதி வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வாசல். கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இருவரும் சேர்ந்தே போவோம், சேர்ந்தே வருவோம். அவர் சாகும்வரை, உள்ளே போகலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.